முறிகண்டியில் நின்ற கார்

பலாலி விமான நிலையத்துக்கு ரயிலில் போவதா, வாடகைக் காரில் போவதா என்று மாங்குளம் சந்தியில் நின்று குழம்பினேன். லண்டன் போகும் தம்பி அன்று அங்கிருந்துதான் கொழும்புக்கு விமானம் ஏறுகிறான். அவனை வழியனுப்ப வேண்டும்.

கார்ச்சாரதி ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“கோச்சி தன்ரை நேரத்துக்குப் போகும் ஐயா. நான் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டுத்தான் போவன். யோசிச்சு ஏறுங்கோ.”

அவர் கோச்சி என்ற ரயிலில் போனால் யாழ்ப்பாணத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். தம்பியின் பயணத்தை அவரிடம் சொல்லிவிட்டுக் காரிலேயே ஏறினேன்.

முறிகண்டியில் முதல் தேங்காய் அழுகல். அடுத்ததும் அழுகல். நல்ல தேங்காய் உடையும்வரை அவர் காரை எடுக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஆனையிறவில் உப்பும் நீரும் வானமும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. அந்த வெள்ளைக்குள்ளிருந்து விமானம் வந்தது. அவர் காரை நிறுத்தி இறங்கினார்.

“தம்பி போறார். கையைக் காட்டுங்கோ.”

காட்டினேன். கோபப்படக்கூட மறந்துபோனேன். விமானம் புள்ளியாகி மறைந்ததும் கையை இறக்கினேன். என் தம்பியை ஒருநாளும் கண்டிராத அவரோ, வெறும் வானத்துக்கு வெகுநேரம் கையசைத்துக்கொண்டு நின்றார்.

யாரை வழியனுப்பினார் என்று நான் கேட்கவில்லை.