பதினான்காம் எண் ட்ரேயின் அடியில்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு நீண்ட அறையில் அவள் வேலை செய்கிறாள். மேலே அறுவை அரங்குகளில் பயன்படுத்திய கத்தரிகளும் இடுக்கிகளும் ஒரு சிறிய லிஃப்டில் இறங்கி வரும். அவற்றைக் கழுவி, எண்ணி, ட்ரேயில் அடுக்கி, நீல உறையில் இரண்டு சுற்று மடித்து, நீராவி மெஷினுக்குள் தள்ளுவது அவள் வேலை. நூற்று முப்பத்து நான்கு டிகிரி; உள்ளே போனது வெளியே வர ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் மற்றவர்கள் போன் பார்ப்பார்கள், குடும்பக் கதை பேசுவார்கள். அவள் ஒரு தடித்த நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். அதனால் அந்தக் கட்டடம் முழுக்க அவளுக்கு நோட்டக்கா என்று பெயர்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள். ஏன் என்று கேட்டால், "நின்னுச்சு, அவ்வளவுதான்" என்பாள்.

அந்த நோட்டு மூன்று வருடத்துக்கு முன் வாங்கியது. உள்ளே வண்ண அட்டை வைத்து ஐந்து பிரிவுகள். அவள் வாங்கியது அறிவியலுக்காக மட்டும்தான். மீதி நான்கு பிரிவுகளைக் காலியாக விட மனம் வராமல் தத்துவம், மொழி, மதம், புரோகிராமிங் என்று தலைப்பு எழுதிவைத்தாள். தலைப்பு எழுதிவிட்ட குற்றத்துக்கு அவற்றையும் படிக்க வேண்டியதாயிற்று.

அறிவியல் பக்கத்தில் முதல் கேள்வி, ஒரே சூட்டில் இருக்கும் உலர்ந்த காற்றைவிட நீராவி ஏன் சீக்கிரம் கொல்கிறது என்பது. தத்துவத்தில்: பதினான்காம் எண் செட்டில் ஆறு வருடத்தில் ஒவ்வொரு கருவியாக மாற்றி, இப்போது பழையது ஒன்றுகூட இல்லை, இது அதே பதினான்கா? மொழியில், டாக்டர்கள் எப்போது 'நாம' என்கிறார்கள், எப்போது 'நாங்க' என்கிறார்கள் என்று ஒரு நீளமான பட்டியல். தவறு நடந்த நாட்களில் எப்போதும் 'நாம' என்று கண்டுபிடித்திருந்தாள். மதத்தில், வழிபாட்டுக்கு முன் கைகால் கழுவுவதைப் பற்றி மூன்று மதங்கள் சொல்வதை எழுதி, கீழே: "சுத்தம் வேறு, கிருமி இல்லாமை வேறு, புனிதம் வேறு. மூன்றையும் ஒரே தண்ணீரால் செய்ய முடியுமா?" கடைசிப் பிரிவில், ட்ரே எண்ணுவதற்கு ஒரு புரோகிராம். கம்ப்யூட்டர் இல்லாமல், காகிதத்திலேயே இரண்டு வருடம் எழுதியது.

இந்தக் குறிப்புகள் எல்லாம் அருமை என்று சொல்வதற்கில்லை. பாதிக்கு மேல் தவறு. சில இடங்களில் நூலகப் புத்தகத்தைப் புரியாமலே எடுத்து எழுதியிருக்கிறாள். ஆனால் ஒரு பழக்கம் அவளிடம் இருந்தது: வலப்பக்கத்தில் புத்தகம் சொன்னது, இடப்பக்கத்தில் தனக்குப் புரியாதது. மூன்று வருடமும் இடப்பக்கம் காலியாக இருந்ததில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எழுதிய பிழை கண்ணில் பட்டால் அவளுக்கு உடம்பு கூசும். அதனால் அழிக்கக்கூடிய மையுள்ள பேனாவால்தான் எழுதுவாள். பேனாவின் பின்முனையால் அழுத்தித் தேய்த்தால் எழுத்து சுத்தமாக மறைந்துவிடும். அதன்மேல் சரியானதை எழுதுவாள்.

ஊரில் ஒரு மாலைநேரக் கல்லூரி இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களையும் ஒரு தனி வழியில் சேர்த்துக்கொள்வார்கள். தானாகப் படித்ததற்குத் தன் கையெழுத்தில் ஆதாரம் கொண்டுவந்து, நேர்முகத்தில் பதில் சொல்ல வேண்டும். இந்த ஆண்டோடு அந்த வழியை மூடுகிறார்கள். அவளுக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

திங்கட்கிழமை அது நடந்தது.

ட்ரே எண்ணுவதற்கு அங்கே இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி பட்டியலைப் படிப்பாள். மற்றவள் கருவியைத் தொட்டு "இருக்கு" என்பாள். அவளோடு எண்ணுகிறவளுக்கு ரேடியோ என்று பெயர்; வாய் ஓயாது. அன்று மேஜையில் இடமில்லை. நீல உறைகளை விரித்துவைத்து, அவற்றின் மேலேயே நோட்டக்கா தன் நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து அவசரம் என்று அழைப்பு. நோட்டை மூடினாள். எண்ணினார்கள். இருபத்தேழு, எல்லாம் இருந்தது. ரேடியோ பேசிக்கொண்டே ட்ரேயைத் தூக்கி உறையின் நடுவில் வைத்தாள். இவள் மடித்தாள். பதினாறு வருடம் மடித்த கை. அதற்குத் தலையின் உதவி தேவைப்படவில்லை.

மதியம் மேல்மாடி அரங்கிலிருந்து நர்ஸ் போன் செய்தார்.

"கீழே யாரு பேசறது? உங்க பதினாலாம் நம்பர் செட்டுல, ட்ரேக்கு அடியில ஒரு நோட்டு கிடக்கு."

அவள் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள், நோட்டு இல்லை. "என்ன எழுதியிருக்கு சிஸ்டர்?"

"ஒண்ணும் எழுதலையே. வெத்து நோட்டு."

ஆபரேஷனுக்கு வேறு செட் எடுத்தார்கள். இருபது நிமிடத் தாமதம். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. தவறு யாருடையது என்ற படிவத்தை அவளே கேட்டு வாங்கி, தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தாள். அதில் 'நாம்' என்று எழுதவில்லை. மேற்பார்வையாளர் படிவத்தைப் படித்துவிட்டு, "உலகத்துலயே கிருமி இல்லாத ஒரே நோட்டு உன்னுதுதாம்மா" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அட்டை நெளிந்து, காகிதம் அப்பளம்போல் மொறமொறத்திருந்தது. இருநூறு பக்கத்திலும் ஓர் எழுத்து இல்லை.

"போச்சுக்கா," என்றாள் ரேடியோ. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான் பாக்காம வெச்சேன். மூணு நாள் இருக்கில்ல? ரெண்டு பேருமா உக்காந்து புதுசா எழுதிடலாம்."

"எழுதலாம்டி. அது மூணு நாள்ல எழுதின நோட்டா இருக்கும். அவங்க கேக்கறது மூணு வருஷத்தை."

ஒரு பக்கத்தை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தாள். பேனா அழுத்திய தடம் தெரிந்தது, படிக்க முடியவில்லை. அவள் கண் மேஜையிலிருந்த டேப்பில் விழுந்தது. ஒவ்வொரு உறையிலும் அதை ஒட்டுவார்கள். சூடு பட்டால் அதன் வெளிர்கோடுகள் கறுக்கும், மெஷினுக்குள் போய்வந்தது என்று அடையாளம். ஒரு மை சூட்டில் தெரியவருகிறது. இன்னொரு மை, அவள் பேனாவில் இருப்பது, சூட்டில் தெரியாமல் போகிறது. தெரியாமல் போவதும் இல்லாமல் போவதும் ஒன்றா? தத்துவப் பிரிவின் இடப்பக்கத்தில் எங்கோ இதையே கேட்டிருந்தாள். அங்கே அது வெறும் கேள்வி.

ஐந்து துண்டுக் காகிதங்களில் அதே பேனாவால் 'இருக்கிறேன்' என்று எழுதினாள். நீராவிக் குழாயில் ஒவ்வொன்றாக ஒட்டிப்பிடித்தாள், எழுத்து மறைந்தது. ஒன்றை இழுப்பறையில் போட்டாள், ஒன்றைத் தண்ணீரில், ஒன்றை விளக்கடியில். ஒன்று ஊழியர் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒன்று மேலே பனி உறைந்த சின்ன அறையில்.

"என்னக்கா இது, மாவு புளிக்க வெக்கிற மாதிரி?" என்றாள் ரேடியோ.

"வாயை மூடிட்டு மணியைப் பாத்துச் சொல்லு."

அடுத்த சுற்று முடிந்து மெஷின் கதவைத் திறந்துவிட்டு, போய் எடுத்துப் பார்த்தாள். நான்கு காகிதங்களும் வெள்ளை. ஐந்தாவதில், பனியைத் தொட்டுக்கொண்டிருந்த பாதியில் மட்டும், மங்கலாக: 'இருக்'. மீதி எழுத்துகள் இல்லை. அவளுக்கு அது போதும்.

அந்த ஃப்ரிட்ஜின் பனி அறைக்குள் நோட்டு நுழையாது. நாத்தனார் மீன்கடை வைத்திருக்கிறாள். ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ரீசர் பெட்டி. வேலை முடிந்து நேராக அங்கே போனாள்.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தாள். "என்ன அண்ணி, மூளை சூடாயிடுச்சுன்னா தலையைத்தான் பொட்டிக்குள்ள விடணும். நோட்டை ஏன் விடறீங்க?"

"விளையாடாதே. வியாழக்கிழமை இன்டர்வியூ."

"எனக்கு மறக்குமா? எங்க அண்ணன் லாரியில போன இடத்திலிருந்தெல்லாம் போன் போட்டு அதையேதான் சொல்லுது." இரண்டு பிளாஸ்டிக் பையில் நோட்டைச் சுற்றினாள். இறாலை ஒதுக்கி அடியில் இடம் செய்தாள். "மீன் வாடை வரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

புதன்கிழமை மாலை இருவரும் கடையின் பின்புறம் பெட்டியைத் திறந்தார்கள். எழுத்து வந்திருந்தது. மங்கல்தான், சில பக்கங்களில் வரவே இல்லை. ஆனால் அவள் எதிர்பாராத ஒன்றும் சேர்ந்து வந்திருந்தது. மூன்று வருடமாகத் தேய்த்துத் தேய்த்து அழித்ததெல்லாம் திரும்பியிருந்தது. சரியானதன் அடியில் தவறு, அதன் அடியில் அதற்கு முந்தைய தவறு. பின்முனையால் தேய்த்தபோது எழுத்தை மறைத்ததும் உரசல் சூடுதான்; பனிக்கு எது பிழை, எது திருத்தம் என்று தெரியவில்லை.

"என்ன அண்ணி, எறும்பு ஊர்வலம் மாதிரி இருக்கு?"

அவளுக்கு மானம் போன மாதிரி இருந்தது. உடனே பேனாவின் பின்முனையால் தேய்த்து அடியில் இருப்பவற்றை மட்டும் அழிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவள் கடைசிப் பிரிவில் நின்றாள். எண்ணும் புரோகிராமின் ஓரத்தில், இரண்டு வருடத்துக்கு முன் அழித்த ஒரு வரி: "பட்டியலில் இல்லாத ஒன்று ட்ரேயோடு சேர்ந்து போனால்?"

அவளுக்கு நினைவு வந்தது. அப்போது மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவரிடம் அதைக் காட்டினாள். "யாரும்மா கூடுதலா ஒண்ணை உள்ள வெக்கப்போறாங்க? உனக்கு வேலை இல்லையா?" என்று அவர் சிரித்தார். அன்றே வந்து தேய்த்துவிட்டாள்.

நோட்டை மூடி நாத்தனாரிடம் கொடுத்தாள். "திரும்ப உள்ள வை. காலையில வந்து எடுத்துக்கிறேன்."

வியாழக்கிழமை காலை, வெயிலில் எழுத்து மறுபடி மறைந்துவிடுமோ என்று நாத்தனார் பயந்தாள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, நடுவில் நோட்டை வைத்துக் கொடுத்தாள். கல்லூரி வாசலில் காவலாளி அவளைத் தடுத்தார்.

"மீன்காரம்மா, கேன்டீன் பின்பக்கம்."

"இன்டர்வியூவுக்கு வந்திருக்கேன்ங்க."

"பொட்டியோடவா?"

"பொட்டிக்குத்தான் இன்டர்வியூ. நான் துணைக்கு வந்தேன்."

உள்ளே இரண்டு பேர். கணிதப் பேராசிரியை ஒருவர், தத்துவப் பேராசிரியர் ஒருவர். நோட்டு மேஜைக்கு வந்ததும் தத்துவப் பேராசிரியர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார். நடந்ததை அவள் ஒளிக்காமல் சொன்னாள். கணிதப் பேராசிரியை பக்கங்களைப் புரட்டினார், எழுத்தின்மேல் எழுத்து.

"இதுல எதும்மா உங்க விடை?"

"மேல இருக்கறது மேடம்."

"அடியில இருக்கறது?"

"அதுவும் நான்தான். தப்பா இருந்தப்போ."

"ஒரு ராத்திரி இருந்துச்சே. சுத்தமா காப்பி எடுத்திருக்கலாமே?"

"எடுத்தா அது இந்த வாரம் எழுதினது மேடம். நீங்க படிச்சதுக்கு ஆதாரம் கேட்டீங்க. இதுதான் ஆதாரம். நல்லா இல்லைன்னு எனக்கே தெரியும்."

தத்துவப் பேராசிரியர் புரோகிராமைக் காட்டினார். "இது வேலை செய்யுமா?"

"செய்யாதுங்க." அவள் எழுந்து, விரலை அந்த ஓரத்து வரியில் வைத்தாள். "பட்டியல்ல இருக்கறது ட்ரேயில இருக்கான்னு மட்டும் இது கேக்குது. ட்ரேயோட போறது பட்டியல்ல இருக்கான்னு கேக்கலை. எங்க அறையிலயும் அப்படித்தான் எண்ணுறோம். திங்கக்கிழமை இருபத்தேழும் சரியா இருந்துச்சு. இருபத்தெட்டாவது இந்த நோட்டு. இந்தக் கேள்வியை நானே கேட்டு, ஒருத்தர் சிரிச்சார்னு அழிச்சுட்டேன். திருத்தி எழுதணும். அதுக்குத்தான் இங்க இடம் கேக்கறேன்."

கணிதப் பேராசிரியை ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "இங்கயே எழுதுங்க."

அவள் கைப்பையிலிருந்து அதே பேனாவை எடுத்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. நான்கு வரி எழுதி, இரண்டைக் குறுக்குக்கோடு போட்டு அடித்து, பக்கத்தில் வேறு எழுதினாள். பேனாவின் பின்முனை தாளைத் தொடவே இல்லை.

விடை முழுக்கச் சரியில்லை; கடைசி வரியில் ஒரு எண்ணிக்கை பிசகியிருந்தது. பேராசிரியை அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, கணிதத்தில் ஆறு மாத முன்வகுப்பை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட்டார். வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. "திங்கக்கிழமை ஆறு மணிக்கு வகுப்பு. பெட்டி வேண்டாம்" என்றார்.

மறுநாள் காலை கீழ்த்தள அறையில் முதல் ட்ரேயை எண்ணி முடித்தார்கள். ரேடியோ உறையின் பக்கம் நகர்த்தப் போனாள்.

"நில்லுடி," என்றாள் நோட்டக்கா. "தூக்கு. அடியில பாரு."

"ஒண்ணும் இல்லைக்கா."

"இல்லைன்னு சத்தமா சொல்லு. அதையும் எண்ணணும்."