மாலை வாங்க வைத்த அழுகை

குடவாசலில் மூடிக்கிடக்கும் ஒரு ரைஸ் மில் குடோனில் இன்று ரெக்கார்டிங். புது ஓபரா, கதை முழுக்கப் பாட்டாகவே நடக்கும். கடைசிக் காட்சியில் அப்பா இறந்துவிட, மகள் அழுது பாட வேண்டும். மகள் நான்.

காலையிலிருந்து பாடுகிறேன். இசையமைப்பாளருக்குத் திருப்தியே இல்லை. "சுருதி சரியா இருக்கு மேடம். துக்கம்தான் பத்தலை."

மதியத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. "சாப்பிட்டுட்டு இன்னொரு டேக் போயிடலாம்" என்றார். இனி பாடினால் குரலே போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது எதிர்வீட்டுக் கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். அவர் கையில் ரோஜா மாலை. அந்த அம்மா நேரே வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"காலையில சத்தம் கேட்டப்ப, யாருக்கோ முடியலபோலன்னு இருந்தோம். கடைசியா அழுதீங்க பாருங்க, அப்பத்தான் தவறிட்டாங்கன்னு தெரிஞ்சுது. அப்பாவாம்மா?"

"யாரும் தவறலைங்க. அது பாட்டுங்க" என்றேன்.

"நல்ல பாட்டும்மா. நானும் அழுதுட்டேன்."

இசையமைப்பாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "கடைசி டேக்கே போதும் மேடம்."

வெந்நீர் குடித்தபடி இதை எழுதுகிறேன். குரல் தப்பித்தது.

ஒரே சிக்கல், அந்த மாலை. துக்கத்துக்கு வாங்கியதை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகக் கூடாதென்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மைக் ஸ்டாண்டில் தொங்குகிறது.

அப்பாவாகப் பாடுகிறவர் நாளைக் காலையில் வருகிறார். அதற்குள் யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.