பலாங்கொடைத் தோட்டத்து பஸ்ஸில் என் மடிக்கு வந்த பைல்

கடந்த மார்ச்சில் மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு பலாங்கொடைக்குப் போனேன். போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தை. "நீ எங்க பயணம் போற? பரீட்சைக்கில்லையா போற!" கோபம் வந்தது. ஆனால் மனுஷன் சொன்னது உண்மை. ஒரு நாளில் ஆறு இடம், நானூறு படம், திரும்பி வந்ததும் தலையிடி. எந்த அருவி எந்த ஊரில் இருந்தது என்று கேட்டால் முழிப்பேன்.

ஆகவே இந்த முறை புறப்படும் முன் கொப்பியில் நான்கு பழக்கங்கள் எழுதி வைத்தேன். ஒரு நாளைக்கு ஒரே இடம். வேன் பிடிக்காமல் ஊர்ச் சனம் போகும் பஸ்ஸில் போவது. மனதைப் பிடித்த இடத்தில் யோசிக்காமல் இறங்கிவிடுவது. ஊர்ச் சனம் செய்வதைப் பார்த்து அதே மாதிரிச் செய்வது. நான்கும் நல்ல பழக்கங்கள்தான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கடைசி இரண்டையும் ஒன்றாகச் செய்யப்போய் ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

கொழும்பிலிருந்து பலாங்கொடை ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். சாதாரண பஸ்ஸில் 560 ரூபாய், நாலரை மணித்தியாலம். அன்றிரவு டவுனில் தங்கி, மறுநாள் காலை ஆறரைக்குத் தோட்டத்து பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் 110 ரூபாய். பத்தொன்பது கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும் என்றார் கண்டக்டர். நான் சிரித்தேன். மூன்றாவது வளைவில் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ரோட்டையே காணோம், நேரே பள்ளம்தான்.

அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம். உட்கார்ந்திருப்பவர், நிற்பவரின் சாமானை மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டுக்கொண்டெல்லாம் இருக்க மாட்டார்கள். முதலில் ஒரு பலாப்பழச் சாக்கு வந்தது. அதன் பிறகு ஒரு குழந்தை. யாருடையது என்று தெரியவில்லை; அதுபாட்டுக்கு என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கியது. கொழும்பில் பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்தே பழகியவள் நான். இங்கே ஐம்பது பேர் தங்கள் உடைமைகளை முன்பின் தெரியாதவர் மடியில் போட்டுவிட்டு நிம்மதியாகக் கம்பியைப் பிடித்து நிற்கிறார்கள். எனக்கு வியப்பாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மேலே கடையில் பால் சேர்க்காத ஒரு பிளேன்டி குடித்துவிட்டு, எட்டேகாலுக்கு அதே பஸ்ஸில் அதே ஜன்னலோரத்தில் இறக்கம் தொடங்கினேன். இரண்டாவது லயத்தடியில், தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில், சேலை கட்டிய ஒரு பெண் ஏறினாள். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் நீல பிளாஸ்டிக் பைல். பஸ் நிரம்பிவிட்டது. ஊர் வழக்கம்தான் பழகிவிட்டதே, நான் பெருமையாகக் கையை நீட்டினேன்.

"குடுங்க தங்கச்சி, நான் வச்சிருக்கேன்."

"பாத்துங்க அக்கா. பன்னெண்டு மணிக்கு ரத்னபுரயில டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. ஒரிஜினல் எல்லாம் அதுலதான் இருக்கு. பேர்த் சேர்ட்டிபிகேட் எடுக்கவே கவர்மென்ட் கச்சேரி ஆபிசுக்கு எட்டு தரம் நடந்தோம்."

பெயர் நிரோஷா. தோட்டத்துச் சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறாளாம். "ஒண்ணு கொறைஞ்சாலும் திருப்பி அனுப்பிருவாங்களாம்" என்று சொல்லிவிட்டு மூன்று தடவை பைலைப் பார்த்தாள்.

எட்டு ஐம்பதுக்கு முனியாண்டி கோயில் வளைவில் பஸ் நின்றது. டிரைவர் சிங்களவர். இறங்கிப்போய் உண்டியலில் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. அம்மாடி! காலடியில் தேயிலை மலை படிபடியாக இறங்க, அதற்குக் கீழே காடு, அதற்கும் கீழே உடவளவைப் பக்கம் நீர்த்தேக்கம் வெயிலில் தகடாகக் கிடந்தது. மனதைப் பிடித்த இடத்தில் இறங்கு! மடியில் இருந்ததையெல்லாம் ஒரே அணைப்பாக அள்ளிக்கொண்டு, ஆட்களை இடித்து இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது.

பத்து நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. ஏன் என்று தெரியாது, அவ்வளவு பெரிதாக இருந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது அக்குளுக்குள் ஏதோ வழுக்கியது.

நீல பைல்.

போனில் சிக்னல் இல்லை. அடுத்த பஸ் பின்னேரம் இரண்டேகாலுக்கு. "ஐயோ கடவுளே, நாசமாப் போனேனே!" என்று நடுரோட்டில் கத்தினேன். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி மளமளவென்று இறங்கி வந்தாள். பெயர் யோகம் என்று பிறகுதான் தெரியும். நான் திக்கித் திணறிச் சொல்லி முடிக்குமுன்னே மேல்தாளில் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டாள்.

"அடியாத்தி, இது நம்ம அந்தோணி மக பைலுல்ல! கங்காணி, நிரோஷாவோட பைல இந்தம்மா எறக்கிட்டாங்க!"

அவர்களை மேற்பார்த்துக்கொண்டிருந்த கங்காணி கொழுந்தின் எடையைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. "நிக்காத, ஓடு! பஸ்ஸு பெக்டரிய சுத்தித்தான் போகும். அங்க கால் மணி நேரம் நிக்கும். கீழ் வளைவுக்கு ரோட்டுல போனா மூணு மைலு, குறுக்கால எறங்குனா அரை மைலுதான்."

யோகம் பைலை வாங்கி, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குக்குள் செருகினாள். "நீங்க மெதுவா வாங்க, நான் முன்னால போறேன்." வெறுங்காலோடு தேயிலைக்குள் இறங்கியவளை அடுத்த நிமிடம் காணோம்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? மேலிருந்து ஒரு பெண் "ஊய்!" என்று குரல் கொடுத்தாள். எதிர்மலையிலிருந்து பதில் வந்தது. "நிரோஷா பைலு! பஸ்ஸ நிப்பாட்டு!" அந்தக் குரலை அதற்குக் கீழே மருந்தடித்துக்கொண்டிருந்த ஆம்பிளை ஒருவர் வாங்கி இன்னும் கீழே எறிந்தார். எங்கோ ஆழத்தில் யாரோ "பஸ் எக்க நவத்தன்ன!" என்று அதையே சிங்களத்தில் கத்துவது கேட்டது. மலை முழுக்க ஒரு பெண்ணின் பெயர். என் போனில் ஒரு கோடுகூட இல்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் சரியில்லை. கானுக்குள் ஒரு தடவை கால் போய்விட்டது. இரண்டு தடவை உட்கார்ந்தபடியே சறுக்கினேன். தண்ணீர் போகத்தானே கான் வெட்டுவார்கள், அன்றைக்கு நானும் அதில் போனேன்.

ஒன்பது முப்பத்திரண்டுக்குக் கீழ் வளைவில் போய் விழுந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் எல்லாம் தலைகள். நிரோஷா ரோட்டோரக் கல்லில் பைலைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தாள். யோகம் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது தாள் வந்ததும் முழு பஸ்ஸும் மூச்சு விட்டது.

நான் விட்டுப்போன சீட்டில் உட்கார்ந்த நிரோஷாவுக்கு பெக்டரியில்தான் பைல் நினைவு வந்ததாம். அழத் தொடங்கிவிட்டாள். கண்டக்டர் சொன்னார்: "நான்தான் அழாதன்னு சொன்னேன். மேல ஆளுங்க இருக்காங்கல்ல, கீழ் வளைவுக்கு வந்துரும்னு தெரியும்."

"என்ன ஏசுங்க தங்கச்சி, நல்லா ஏசுங்க" என்றேன். அவள் ஏசவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பாவாடைச் சேற்றைப் பார்த்தாள். யோகத்துக்கு நன்றி சொல்லத் திரும்பினால், அவள் பாதி மலை ஏறிவிட்டாள்.

பஸ் புறப்பட்டது. இப்போது நிரோஷா உட்கார்ந்திருக்கிறாள், நான் கம்பியைப் பிடித்து நிற்கிறேன். கையை நீட்டினாள்.

"பையக் குடுங்க அக்கா. பயப்படாதீங்க, நான் குடுத்துட்டுத்தான் எறங்குவேன்."

முழு பஸ்ஸும் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணீரோடு. என் பேர்ஸ், போன், அடையாள அட்டை எல்லாம் இருந்த பையைக் கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பனி எட்டரைக்கு முன் விலகாது. காலைப் பஸ்ஸுக்கு ஆறு பத்துக்கே ஸ்டாண்டில் நிற்க வேண்டும். சில்லறைக் காசு, ஒரு ஸ்வெட்டர், பிடிப்புள்ள சப்பாத்து எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வளைவுக்கு மேல் சிக்னல் இல்லை. வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு போனைப் பார்க்காதீர்கள். ஆறு இடம் வேண்டாம், ஒன்றே போதும். அடுத்தவர் பையைத் தாராளமாக மடியில் வாங்குங்கள். ஆனால் எழும்பும் முன் அதை உரியவர் கையில் கொடுங்கள், மலை எவ்வளவு அழகாக இருந்தாலும். என் கொப்பியில் இதுதான் ஐந்தாவது பழக்கம்.

பலாங்கொடை ஸ்டாண்டுக்கு வந்தபோது பத்து ஐந்து. இரத்தினபுரி பஸ் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தது. எங்கள் கண்டக்டர் பாய்ந்து இறங்கி அதற்குக் குறுக்கே கையை விரித்து நின்றார். அது ஹோர்ன் அடித்தது. "போம்மா, ஓடு!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

நிரோஷா எழுந்தாள். ஓடவில்லை. பைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என் பையை இரண்டு கையாலும் நீட்டினாள். நான் ஒரு கையால் வாங்கினேன். அவள் விடவில்லை. என் மற்றக் கையும் வந்து பிடித்த பிறகுதான் விட்டுவிட்டு ஓடினாள்.