வாலைப் பார்க்க மூன்று மணி நேரம்

மும்பையில் மகள் வீட்டிலிருந்து திருவண்ணாமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். விமானத்தின் வாலில் திசை திருப்பும் பாகத்துக்குக் கட்டாயச் சோதனை என்று மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். "இதையெல்லாம் முன்னாடியே பாக்க மாட்டீங்களா? உங்களாலதான் லேட்டாவுது" என்று கவுன்டர் பெண்ணிடம் கத்தினேன். அவர் பதில் பேசாமல் நின்றார்.

சென்னையிலிருந்து வாடகை வேன். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் ஸ்டியரிங் திரும்பாமல், வேன் வேர்க்கடலைக் கொல்லைக்குள் இறங்கி நின்றது. நல்லவேளை, அடி இல்லை.

"ஸ்டியரிங்க கடைசியா எப்பப்பா பாத்த?"

"போன வாரம்தான் சார் பெரிய கோயில் வாசல்ல பூஜை போட்டேன். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சேன்" என்றார் டிரைவர்.

இப்போதெல்லாம் எந்த வேனில் ஏறுமுன்பும் டிரைவரைக் குனிந்து ஸ்டியரிங் பாகங்களைப் பார்க்கச் சொல்கிறேன். "உங்களாலதான் சார் லேட்டாவுது" என்று எரிந்து விழுகிறார்கள். அந்தக் கவுன்டர் பெண்ணைப் போலப் பதில் பேசாமல் நிற்கிறேன்.