பாதி மருந்து, பாதி மாவு

கிழக்கேகோட்டையில் பேருந்துகள் திரும்புகிற இடத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டல். அங்கே மாவு ஆட்டுகிறவள் மாடம்மாள், வள்ளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதலாளியையே வாய்க்கு வந்தபடி பேசுவாள். இட்லி பூப்போல வருவதால் அவர் பொறுத்துக்கொள்வார். அவளுடைய கிட்னி இரண்டும்தான் பொறுத்துக்கொள்ளவில்லை.

"உள்ள வீங்கி வீங்கித் தழும்பு விழுது அம்மா. அதைத் தடுக்க ஒரு புது மருந்து சோதிக்கிறோம்," என்றார் ஆராய்ச்சி டாக்டர் வினய், மலையாளம் கலந்த தமிழில். "பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. ஆருக்கு எதுன்னு எனக்கும் அறியாது."

"இது அறியாம என்னத்த டாக்டருக்குப் படிச்சீரு?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் சிநேகிதமானவள் பாறசாலை ராகேல். அதே நோய், அதே ஆராய்ச்சி. ஊசியைக் கண்டாலே ஏசுவை விளிப்பாள். பாதிப் பேர் என்றால் தங்கள் இருவரில் ஒருத்திக்கு மாவு என்று மாடம்மாள் கணக்குப் போட்டாள். இரண்டுமே மாவாகவோ இரண்டுமே மருந்தாகவோ இருக்கலாம் என்பது அவள் மண்டையில் ஏறவில்லை. ஓட்டலில் மிஞ்சிய வடையைப் பிட்டுத் தின்கிற பழக்கத்தில் மாத்திரைகளையும் பாக்குவெட்டியால் வெட்டினாள்.

"உன்னுதுல பாதி எனக்கு, என்னுதுல பாதி உனக்கு. ஒருத்தி பிழைச்சு ஒருத்தி சாவாண்டாம், கேட்டியா?"

ராகேல் ஓட்டலுக்குப் பக்கத்துச் சாலைக் கடைவீதிக்கு வரும்போதெல்லாம் பாதிகள் கைமாறின. சில மாதம் கழித்து, பெருமை தாங்காமல், ராகேலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாடம்மாளே வினயிடம் இதைச் சொல்லித் தொலைத்தாள்.

"எந்தா அம்மா இது!" வினய் தலையில் கைவைத்தார். "முழு மாத்திரை தின்னாத்தானே தழும்பு நிக்குதான்னு தெரியும்? இனி ரெண்டு பேரையும் இதுல வெக்க முடியாது. பழைய மருந்து மட்டும்தான்."

"ஆருக்கு மருந்து இருந்துச்சு? அதையாவது சொல்லும்."

"ஆராய்ச்சி முடியாம அறிய முடியாது."

திரும்பும் பேருந்தில் ராகேல் அழுதாள். "மாவா இருந்தா போட்டும் அக்கா. என்னுது மருந்தா இருந்து, நான் முழுசாத் தின்னிருந்தா..."

மாடம்மாள் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். அப்படியானால் இவள் உயிரில் பாதியைப் பிடுங்கித் தின்றவள் தானல்லவா? ஆற்றுகால் கோவில் அம்மையிடம்கூடச் சண்டைபோட்டே கேட்டுப் பழகியவள், முதல் முறையாகக் கெஞ்சினாள்: மருந்து என் டப்பாவில் இருந்திருக்கட்டும் தாயே, நட்டம் எனக்கே ஆகட்டும்.