கடலைப் பார்த்த இரண்டு வீடுகள்

கண்டி ரயில் நிலையத்தின் பெண்கள் அறையில் ஈரக் குடைகளின் வாடை. மலைக்குளிர் மகனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் மடியில் படுத்திருக்கும் அவனுக்கு நெஞ்சு இழுக்கிறது. என் கணவர் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டார். இனி வெயிலும் கடற்காற்றுமாகப் பெரிய வீட்டில் வாழலாமாம். கொழும்பில் ஒரு வீடு, திருகோணமலையில் ஒரு வீடு. எது வேண்டுமென்று நான் சொன்னதும் தந்தி அடிக்க, வெளியே காத்து நிற்கிறார்.

பக்கத்தில் இருக்கும் கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் பெண்ணிடம் இதைச் சொல்கிறேன்.

“ரெண்டும் நல்ல ஊர்தானே தங்கச்சி, ஏன் மொகம் வாடீக்கி?”

“பிழையாய்ப் போனால் நான் சொன்ன ஊர் எண்டுதானே வரும், அக்கா.”

“அப்ப மாப்புளயே முடிவெடுக்கட்டும். பொறகு காலம்பூரா அவர ஏசலாம்!”

எனக்கும் சிரிப்பு வருகிறது. அப்படியே விட்டுவிட ஆசையாகவும் இருக்கிறது.

கணவர் வாசலில் தலை நீட்டுகிறார். “என்ன, யோசிச்சு முடிச்சிட்டீரோ?”

மகன் இருமுகிறான். நல்ல டாக்டர்கள் கொழும்பில்தான்.

“கொழும்பு,” என்கிறேன்.

“சரி, அடிச்சிட்டு வாறன்.”

அவர் தந்திக் கந்தோரை எட்டியிருக்கமாட்டார். இந்த நெஞ்சுக்குத் திருகோணமலை வெயில்தான் நல்லதோ? பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாங்குப் பலகையிலிருந்து எழுகிறேன். வாசல்வரை போகிறேன். திரும்பி வந்து உட்காருகிறேன்.