இலை எடுக்கும் குழு

செஞ்சியில் நடந்த ஒரு நாள் வரலாற்றுக் கருத்தரங்கில் யாரும் கேட்டு வாங்காத வேலைகள் என்னிடம் வந்தன. நாற்காலி, குடிநீர், பதிவு மேசை, கழிவறை, சாப்பிட்ட இலை. நான் வீட்டிலிருந்தபடி மென்பொருள் சோதிக்கும் வேலை செய்பவள். எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பேன் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் மூன்று வேலைகள் தன்னார்வலர்களுக்கு என்றும், கழிவறைக்கும் இலைக்கும் கூலிக்கு ஆள் என்றும் பிரித்தேன். தன் ஆட்கள் பரிமாறுவார்கள், எச்சில் இலை எடுக்க மாட்டார்கள் என்று சமையல்காரர் முன்பே சொல்லிவிட்டார்.

செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் அப்பாவுக்குப் பழக்கமானவர். "கூலிக்கு ஆள் வெச்சா தொண்டுக்கு இன்னாம்மா அர்த்தம்? எல்லாத்தையும் நம்மளே செய்வோம்" என்றார்.

அது எனக்கும் பிடித்திருந்தது. எல்லோருடைய பெயரையும் அகர வரிசையில் அடுக்கி, வரிசைப்படி வேலைகளைப் போட்டேன். அகர வரிசை யார் எந்தத் தெரு என்று பார்ப்பதில்லை. கழிவறை பொருளாளரின் மகனுக்கு விழுந்தது. இலை எடுப்பவர்களில் செயலாளரும் ஒருவர்.

கருத்தரங்கன்று காலை வாட்ஸ்அப் குழுவில் வேறொரு பட்டியல் இருந்தது. கழிவறைக்கும் இலைக்கும் போடப்பட்டிருந்த ஐந்து பேரும் காலனிகளிலிருந்து வரும் மாணவர்கள். பதிவு மேசையில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. செயலாளருக்கு போன் செய்தேன்.

"அவங்களுக்கு அது பழக்கம்மா, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க. நீ நம்ம வூட்டுப் பொண்ணு. உனக்கு நான் வெளக்கணுமா?"

அந்த 'நம்ம'வில் சேர எனக்கு விருப்பமில்லை.

"அப்ப கூலிக்கே ஆள் வெச்சுடலாம் சார்."

"வெச்சுக்க. யாரு வருவாங்கன்னு நெனைக்கிற? இந்தப் பசங்களோட அம்மாங்கதான்."

சிரித்தார். அவர் சொன்னது உண்மை என்பதுதான் சகிக்க முடியாததாக இருந்தது. தன்னார்வலரா, கூலியாளா என்று நான் இரண்டு பத்தி போட்டு யோசித்திருக்கிறேன். எந்தப் பத்தியில் எழுதினாலும் வந்து குனியப் போவது ஒரே தெரு.

அந்த ஐவரில் ஒருத்தி தொண்டூர்ப் பெண். முதுகலை வரலாறு படிப்பவள். அவள் ஊர்ப் பாறையில் இருக்கும் சமணப் படுக்கைகள் பற்றி எழுதிய முதல் கட்டுரை, சாப்பாடு முடிந்ததும் தொடங்கும் அமர்வில் இருந்தது. இலை எடுக்க வேண்டிய நேரமும் அதுதான்.

"படிச்சிட்டு வந்து எடுக்கட்டுமாக்கா? இல்ல, எடுத்துட்டுக் கை கழுவிட்டுப் போவட்டுமா?" என்று கேட்டாள். கட்டுரைத் தாள்கள் அவள் கையில் குழல்போல் சுருண்டிருந்தன.

"நீ போய்ப் படி. இலை உன் வேலை இல்ல."

"அப்ப யாரு எடுப்பா?"

"சாப்ட்டவங்க எடுக்கட்டும்."

மற்ற நால்வரிடமும் அதையே சொன்னேன். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வைத்து, அவரவர் இலையை அவரவரே போடவும் என்று எழுதி ஒட்டினேன். வெளியூரிலிருந்து வந்த சிலர் போட்டார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் இலையை மடித்துவிட்டு, டிரம்மைச் சுற்றிக்கொண்டு கை கழுவப் போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை அதில் துப்பிவிட்டுப் போனார்.

இலைகள் அப்படியே கிடந்தன. தகரக் கூரையின் சூட்டில் ரசம் மேசை விளிம்பில் சொட்டியது. பாயசத்தில் ஈ மொய்த்தது. புளித்த நாற்றம் மெல்ல அரங்குக்குள் வந்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள். முதலில் தாளைப் பார்த்துப் படித்தாள், பிறகு தாளை மறந்துவிட்டாள். மழை வந்தால் ஆடுகளோடு அந்தப் படுக்கைகளுக்குப் போய் ஒதுங்குவோம் என்று அவள் சொன்னதும் பின்வரிசையில் அரட்டை நின்றது.

செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி என் பக்கம் குனிந்தார்.

"அந்தப் பொண்ண சீக்கிரம் முடிக்கச் சொல்லும்மா. எல அப்படியே கெடக்குது."

"அவங்களுக்கு இன்னும் நேரம் இருக்குது சார்."

"உங்க நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"பேசுங்க சார். இலை எடுக்கறதுல மொதல்ல உங்க பேரு இருந்ததையும் சொல்லிடுங்க."

எழுந்து வெளியே போனார். அவள் முழுவதும் பேசி முடித்தாள், கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது பின்வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. துடைப்பத்தோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.

மாலையில் குழுவில் ஒரு படம் வந்தது. செயலாளர் ஒரே ஓர் இலையை இரண்டு விரலால் பிடித்தபடி டிரம்முக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறார். கீழே 'நமது தொண்டு' என்று எழுதியிருந்தது. கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

சற்று நேரத்தில் தொண்டூர்ப் பெண் போனில் கூப்பிட்டாள். "அக்கா, நான் பேசுனப்ப எடுத்த போட்டோ ஒண்ணு அனுப்புங்க. வூட்ல யாரும் வர முடில, காட்டணும்."

படம் எடுத்தவரிடம் கேட்டேன். "அந்த நேரத்துல சார் என்னைப் பின்னாடி கூட்டிக்கினு போய்ட்டாருங்க, எல எடுக்கறத எடுக்கணும்னு" என்றார்.

அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"அந்த ஒரு எலயாச்சும் டிரம்முல போட்டாராக்கா?" என்று கேட்டாள்.